அத்தான் என்று அழைத்தவள்

புதுச்சேரிப் பக்கம் குடும்ப வேர் தேடுகிறவர்கள் கல்யாணப் பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. ஞானஸ்நானப் பதிவில் ஒரு வீடுதான் இருக்கும். கல்யாணப் பதிவில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, இரு பக்கத்துத் தாய் தகப்பன், சாட்சிகள் என்று பந்தலே நிறைந்திருக்கும்.

*

கோயில் புத்தகம் லத்தீனில், மேரி என்னும் நகராட்சி அலுவலகத்தின் புத்தகம் பிரெஞ்சில், வீட்டுப் பேச்சு தமிழில். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். வீட்டில் முடியப்பன், கோயிலில் ஸ்தெபானுஸ், மேரியில் எத்தியேன். பெத்ருஸ் என்றால் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். இந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்த பிறகுதான் எனக்குப் பெயர்கள் பிடிபட ஆரம்பித்தன.

*

என் பூட்டியின் கல்யாணப் பதிவில் சாமியார் கூடுதலாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: இரண்டாம் படி இரத்த உறவு, விலக்கு அளிக்கப்பட்டது. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

திருச்சபைச் சட்டத்துக்கு அது தடை. நமக்கு அதுதான் முறை. 1983 வரை இருந்த திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் மணமக்களுக்குத் தாத்தா பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டியிருந்தால் முதல் படியும் இரண்டாம் படியும் சேர்ந்து வரும். தடையை நீக்க எழுதிய வரி, நமக்கு மேலே இரண்டு தலைமுறையைத் திறந்துவிடுகிறது.

ஆனால் உறவு எந்த வழியில் வந்தது என்று அந்த வரி சொல்லாது. அங்கே நம் வழக்கம் கைகொடுக்கும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கை. சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் அப்படியே. ஆகவே மாமன் வழியாகவோ அத்தை வழியாகவோதான் இருக்க வேண்டும். பூட்டி கடைசி வரை பூட்டனை அத்தான் என்றே அழைத்தாள் என்று அப்பா சொல்வார். அடுத்து பூட்டியின் தகப்பனுடைய ஞானஸ்நானத்தையும் பூட்டனின் தாயுடையதையும் எடுத்துப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே தாய் தகப்பன். அவள் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள்.

*

ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரங்களை விடக் கூடாது. 1908 ஈஸ்டரிலிருந்து, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று ரோமாபுரி விதித்தது. சைகோனுக்கு வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்தவரின் தடம் இப்படி ஊர்ப் புத்தகத்தில் இருக்கலாம். பிரான்சின் 1897ஆம் ஆண்டுச் சட்டமும் பிறப்புப் பதிவின் ஓரத்தில் கல்யாணத்தைக் குறிக்கச் சொன்னது.

*

1881 செப்டம்பர் 21 ஆணை. அதன்படி நம் வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். அவர்கள் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் தகப்பன் கல்யாணத்தில் இல்லாத பெயர் மகன் கல்யாணத்தில் வரும். வேறு குடும்பமோ என்று பதிவைத் தள்ளிவிடக் கூடாது. தாயின் பெயரை வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

*

தேதி தெரியாவிட்டால், கல்யாணம் அரிதான தவக்காலத்தைக் கடைசியில் தேடலாம். சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களிலும் ஈஸ்டருக்குப் பிறகும் தேடுவது பலன் தரும்.

*

பழைய மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. குடியேற்றங்களின் பதிவுகளில் ஒரு பிரதியைப் பிரான்சுக்கு அனுப்பச் சொன்ன 1776ஆம் ஆண்டு ஆணையை அன்று நன்றியோடு நினைத்தேன். பிரான்சில் எக்ஸ் நகரத்திலுள்ள ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்காலின் பழைய பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கிறது.

*

நம் வரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டும். பூட்டியின் பதிவுக்குக் கீழே, அதே தேதியில், இன்னொரு கல்யாணம் இருந்தது. மாப்பிள்ளை பூட்டியின் அண்ணன். பெண் பூட்டனின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.