வால் தாழ்ந்த வண்டி

பின்புறம் தாழ்ந்து செல்லும் கார் எதைக் கண்டாலும் எனக்கு என் சித்தப்பாவின் நினைவு வந்துவிடுகிறது.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், வைண்டிங் இன்ஜின் பகுதியில் ஃபிட்டராக இருந்தவர் அவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் திண்ணையே அவர் உலகமாயிற்று. பெங்களூருக்கு இரயிலேறிக் காவலாளி வேலைக்குப் போய்வரும் அண்டை வீட்டாரைக் காட்டி, "நானும் போகட்டுமா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராக அப்போதுதான் சேர்ந்திருந்த எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

2003-இல், வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் பழைய மெர்சிடிஸ் ஸ்டேஷன் வேகன் ஒன்றை வைத்திருந்தார். 1977-இல் அறிமுகமான 123 வரிசை வண்டி. நடக்கவியலாத தம் தாயாரைச் சக்கர நாற்காலியோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அவருக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் பாரம் ஏறியதும் வால் தாழ்ந்தது, மீண்டும் எழவில்லை. பெங்களூர்ப் பட்டறை ஒன்றில், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு முரட்டுச் சுருள்வில் போடச் சொன்னார்களாம். அந்த முதியவளின் இடுப்பெலும்பை யார் நினைத்தார்கள்!

வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை நான் படித்துத் தமிழில் சொல்ல, சித்தப்பா கண்களை மூடிக் கேட்டார். அவ்வண்டியில் சுருள்வில் மட்டும் எடையைத் தாங்குவதில்லை. இன்ஜினால் ஓடும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, பின்புறத் தாங்கிகள் வண்டியை உயர்த்துகின்றன. வால் தாழ்ந்தால் ஒரு சிறு இணைப்புக் கம்பி வால்வின் நெம்புகோலை அசைத்து எண்ணெயைத் திறந்துவிடும். மட்டம் வந்ததும் மூடிவிடும். நைட்ரஜன் அடைத்த இரு உருண்டைகள் குலுக்கலை விழுங்கும்.

"இது நம்ம கேஜ்தானப்பா!" என்றார். அவர் சொன்னது உண்மையே. சுரங்கத்தின் ஆழத்தில் கேஜில் பாரம் ஏறினால் வடம் நீண்டு கேஜ் தாழும். கீழிருந்து மணியடிப்பார்கள், மேலே இன்ஜின் ஓட்டுநர் இழுத்து மட்டமாக்குவார். "கெட்டது மணியா, இன்ஜினா? அதை முதல்ல பார்க்கணும்."

எண்ணெய் அளவு சரியாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் இருவரை உட்கார வைத்தார், வால் எழவில்லை. சட்டகத்துக்குக் கீழே தடித்த மரக்கட்டைகளை அடுக்கிய பிறகே அடியில் நுழைந்தார். இணைப்புக் கம்பியைக் கழற்றி நெம்புகோலைக் கையால் தள்ளினார். சற்று நேரத்தில், படுத்திருந்த பசு எழுவதுபோல, வண்டி மெல்ல எழுந்தது!

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. மணிதான் அடிக்கல."

கம்பி வளைந்திருந்தது. வேறொன்றை அவரே அளந்து செய்தார். ஆயினும் வால் கட்டையாகக் குலுங்கிற்று. உருண்டைகளில் நைட்ரஜன் போய்விட்டது என்றார். புதியவை வளைகுடாவிலிருந்து வந்தபோது, எண்ணெய் அழுத்தத்தை முழுவதும் இறக்காமல் ஸ்பானரைத் தொட எங்களை விடவில்லை.

கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த மாதம் அவரும் பெங்களூருக்குக் காவலாளி வேலைக்குப் போகலானார். தடுத்திருக்க வேண்டுமோ என்னவோ, நான் தடுக்கவில்லை. விடியுமுன் நிலையத்துக்கு நடக்கும்போது, உறவினர் வீட்டு வாசலில் ஒரு கணம் நின்று, அந்த வண்டியின் வாலைக் குனிந்து பார்த்துவிட்டே போவார்.