துர்சான்ஸ்க் மலைமேட்டில் ஒரு மர ஆலயம்

போலந்தின் தென்கிழக்கு மூலையிலே, கார்ப்பேதிய மலைச்சாரலிலுள்ள கொமாஞ்சாவிலிருந்து துர்சான்ஸ்க் கிராமத்துக்கு ஞாயிறு காலை நடந்தோம். ஊருக்கு மேலே மேட்டில், மரங்களினிடையே வெங்காய வடிவக் கோபுரங்கள் தென்பட்டன. 1801 முதல் 1803 வரை மரத்தாலேயே எழுப்பிய தேவாலயம் அது.

கட்டியவர் கிரேக்கக் கத்தோலிக்கர். 1947இல் அரசு தென்கிழக்குப் போலந்தின் உக்ரேனியரையும் லெம்கோ மக்களையும், ஏறத்தாழ 1,40,000 பேரை, வேரோடு பெயர்த்து வடக்கிலும் மேற்கிலும் சிதறக் குடியேற்றியது. ஆலயமும் பூட்டுண்டது. 1960களில் ஓர்த்தடொக்ஸ் சபையினர் அதனை ஏற்றனர். 2013இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலினும், அங்கே இன்றும் வழிபாடு நடப்பதே எமக்குப் பெரிதாகப் பட்டது.

உள்ளே வாத்தியம் எதுவும் இல்லை. திருவுருவப் படங்கள் நிறைந்த மரத்திரைக்கு அப்பாலிருந்து குருவானவர் பழைய சிலாவிய மொழியில் ஓத, சபையார் நின்றபடியே பதில் பாடினர். எமக்கருகில் நின்ற மூதாட்டி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.