லேசர் போட்டபின் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்



எங்கள் உம்மாவுக்குக் கண்ணில் லேசர் போட்ட கதை அரிப்பில் இருந்து சிலாவத்துறை வரைக்கும் போய்விட்டது. "லேசர் அடிச்சு கண் பழுதாப் போச்சாம்" என்றுதான் போயிருக்கிறது. கிளினிக்கில் திகதி கிடைத்த இரண்டு பேர் இனிப் போகமாட்டோம் என்று வீட்டில் இருக்கிறார்களாம். அதனால்தான் இதை எழுதுகிறோம். உம்மாவின் கண் பழுதாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு இரவு பயந்துதான் போனோம்.

ஊரில் எல்லா லேசரையும் ஒன்றாகவே பேசுகிறோம். கட்டரக்ட் ஒப்பரேஷன் செய்து சில காலம் கழித்து வில்லைக்குப் பின்னால் மங்கல் படிந்தால், அதை நீக்குவதும் லேசர்தான். அதில் ஓரிரு நாளில் பார்வை தெளியும். சீனி வருத்தக்காரருக்கு விழித்திரையில் போடுவது வேறு. குளுக்கோமாவுக்குப் போடுவது இன்னும் வேறு. இதில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் போடுகிறார்கள்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டும், கதிராளியின் ஓரத்து மூலையால் வடிந்துகொண்டும் இருக்கும். (வகுப்பில் கீறும் கண் படத்தில் இந்த மூலை வருவதே இல்லை.) அது அடைபட்டால் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். உம்மாவுக்கு அந்த மூலை ஒடுக்கம். அதனால் கதிராளியில் லேசரால் ஒரு சின்னத் துவாரம் போட்டார்கள். சில நிமிட வேலை. முடிந்ததும் "போகலாம்" என்றார்கள், பஸ்ஸும் இருந்தது, வந்துவிட்டோம்.

இஷாவுக்குப் பிறகு நெற்றிப்பொட்டில் குத்து, வாந்தி, லைட்டைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். விடிந்ததும் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அழுத்தம் 38. குளிசையும் சொட்டு மருந்தும் கொடுத்துப் பின்னேரம் 20க்கு இறக்கினார்கள்.

அங்கிருந்த டொக்டர்தான் விளக்கினார். லேசர் போட்ட சில மணித்தியாலத்துக்குள் சிலருக்கு அழுத்தம் திடீரென்று ஏறும். அதனால்தான் முன்கூட்டியே ஒரு சொட்டு விட்டு, ஒரு மணித்தியாலம் அளவில் இருத்திவைத்து மறுபடி அளப்பார்கள். அன்று அந்த அளவைத்தான் யாரும் எடுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அங்கே சரியான கூட்டம். நீங்கள் போனால், "மிஸ், அழுத்தம் பார்த்திட்டுப் போறோம்" என்று கேளுங்கள். கடைசி பஸ் போனாலும் போகட்டும், மன்னாரில் சொந்தக்காரர் இல்லாதவர் யார்?

மற்றவை சின்னவை. ஒரு துளி இரத்தம் கசியலாம், ஆகவே அஸ்பிரின், வோபரின் குடிப்பவர்கள் முன்பே சொல்ல வேண்டும். சில நாள் கண் சிவக்கும், மங்கும். சிலருக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். துவாரம் அடைபட்டுத் திரும்பப் போடுவதும் உண்டு.

எங்களுக்கு இதைவிடப் பயம் பார்மசிதான். லேசருக்குப் பிறகு வீக்கம் குறைய ஸ்டீரொய்ட் சொட்டு சில நாளுக்குத் தருவார்கள். சுகமாக இருக்கிறதே என்று அதே போத்தலை மாதக்கணக்கில் வாங்கி விட்டால், அந்த மருந்தே அழுத்தத்தை ஏற்றிவிடும். குளுக்கோமாவுக்கான சொட்டு வேறு, டொக்டர் நிறுத்தச் சொல்லும் வரை அதை விடக்கூடாது. நோன்பு என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் கண்ணுக்கு மருந்து விடுவதால் நோன்பு முறியாது. சந்தேகம் இருந்தால் ஹஸ்ரத்திடம் கேளுங்கள்.

சீனாவின் குவாங்சோவில், மூலை ஒடுங்கியும் நோய் இன்னும் வராத 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் இதே லேசரைப் போட்டு, மற்றக் கண்ணை விட்டு 6 வருடம் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. போட்ட கண்களில் 19இல் நிலைமை மோசமானது, போடாத கண்களில் 36இல். லேசரால் பாரிய கேடு எதுவும் வரவில்லை. இரண்டுமே சின்ன எண்ணிக்கைதான், ஆகவே ஒடுக்கம் என்றவுடன் எல்லாருக்கும் போட வேண்டியதில்லை. ஆனால் அழுத்தம் ஏறிவிட்டது, போட வேண்டும் என்று டொக்டர் சொன்னவர் வீட்டில் இருப்பது வேறு கதை.

உம்மாவின் மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் திகதி. அவவே "போவோம்" என்கிறா. வேன் பிடிக்கப்போகிறோம், அழுத்தம் பார்த்த பிறகுதான் திரும்பும். மூன்று சீட் இருக்கிறது, வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.