பேனாவிலிருந்து பின்னோக்கி

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைகளில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கேமிங்கா சார், எடிட்டிங்கா?" படம் வரைய என்று சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு எடிட்டிங் பக்கம் சேர்த்துவிடுவார்கள். கொட்டேஷன் தாளில் முதல் வரியாகக் கிராபிக்ஸ் கார்டு விழும். பட்ஜெட்டில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். மிச்சத்தில் பிராசசர், மதர்போர்டு, ரேம். எல்லாம் போக மீதி என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்த மானிட்டர். கேம் ஆடுகிறவருக்கு இந்த வரிசை சரி. வரைகிறவருக்கு இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் படம் போடுவது என் தொழில். காகிதத்திலும் இந்தியன் இங்க்கிலும் தொடங்கித் திரைக்கு வந்தவன். அக்கா மகள் கவின் கலை படிக்கிறாள். லேப்டாப்பில் வரைந்துகொண்டிருந்தவள் சொந்தமாக ஒரு செட் அசெம்பிள் செய்ய வேண்டும் என்று வந்தபோது, "மாமா, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"அது இருக்கட்டும். நீ எதுல வரையறே, எந்த சைஸ்ல வரையறே, அதை முதல்ல சொல்லு" என்றேன்.

வரைகிறவரின் கம்ப்யூட்டரில் கை படுகிற இடம் பேனா, கண் படுகிற இடம் திரை. மற்றதெல்லாம் இவை இரண்டுக்கும் பின்னால் நிற்பவை. ஆகவே பேனாவையும் திரையையும் முடிவு செய்துவிட்டு, அவற்றுக்கு எது தேவை என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போவதுதான் முறை.

பேனாவைப் பொறுத்தவரை பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணில் மயங்க வேண்டியதில்லை. 8192 அழுத்த நிலைகள் என்று இன்று மலிவான பென் டேப்லெட்டிலும் போடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு: நுனி எவ்வளவு மெல்லப் பட்டால் கோடு பிறக்கிறது? இறகைப் போலத் தொட்டு இழுக்கும்போதே முடியிழைக் கோடு விழுகிறதா, கொஞ்சம் அழுத்தினால்தான் திடீரென்று தடிமனாகத் தொடங்குகிறதா? இதைக் கடையிலோ நண்பர் வீட்டிலோ வரைந்து பார்த்தால் மட்டுமே தெரியும். 1983-ல் ஜப்பானில் தொடங்கிய வாகம் நிறுவனம் இத்தனை காலம் ஓவியர்களிடம் நின்றதற்குக் காரணம் இந்தத் தொடக்கத் தொடுகைதான் என்பது என் எண்ணம். அந்தப் பேனாவுக்கு பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களின் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்கிறது. இன்று வேறு பல நிறுவனங்களும் அதே முறையில் நல்ல பேனா செய்கின்றன.

அவளிடம் ஏற்கெனவே இருந்தது பென் டிஸ்ப்ளே, அதாவது திரைமேலேயே வரைகிற வகை. லேப்டாப்பில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி கேபிளில் ஓடிக்கொண்டிருந்தது. படம், பேனாவின் தகவல், கரண்ட் மூன்றும் அந்த ஒரு வயரில். டெஸ்க்டாப்பில் இது அப்படியே நடக்கும் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மதர்போர்டின் பின்பக்கம் அதே வடிவத்தில் யுஎஸ்பி-சி துளை இருக்கும், கேபிளும் அழகாகப் போய் உட்காரும், ஆனால் திரை இருட்டாகவே கிடக்கும். பெரும்பாலான போர்டுகளில் அந்தத் துளை தகவலை மட்டும் கடத்தும், படத்தைக் கடத்தாது. படம் கடத்தும் போர்டென்றால் மேனுவலில் அந்தப் போர்ட்டுக்கு நேராக டிஸ்ப்ளே போர்ட் வசதி உண்டு என்று எழுதியிருக்கும். எழுதவில்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். என்விடியாவின் 4060 போன்ற கார்டுகளிலும் யுஎஸ்பி-சி கிடையாது. ஆகவே எச்டிஎம்ஐ வழியாகப் படம், யுஎஸ்பி வழியாகப் பேனா என்று பிரித்துக் கொடுக்கும் மூன்று தலைக் கேபிள் வேண்டும். பென் டிஸ்ப்ளே பெட்டியில் அது எப்போதும் வருவதில்லை.

இதிலிருந்தே அடுத்த கணக்கு பிறக்கிறது. பென் டிஸ்ப்ளேவுக்கு எச்டிஎம்ஐ போய்விட்டால் மானிட்டருக்கு என்ன? கடைக்கார இளைஞர் எடுத்துவைத்த முதல் போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். எச்டிஎம்ஐ ஒன்று, பழைய விஜிஏ ஒன்று. "இது வேண்டாம்பா, எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும் சேர்ந்து வர்ற போர்டு காட்டுங்க" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார். பிராசசர் மாடலைக்கூட இன்னும் பேசியிருக்கவில்லை.

மானிட்டரில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி 99 சதவீதமாவது. சில பெட்டிகளில் 72 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருப்பார்கள். குறைவாகத் தோன்றினாலும் அது ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். மலிவு லேப்டாப்புகளின் 45 சதவீதத் திரையில்தான் ஆபத்து. அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். வரைகிறவள் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போவாள். நல்ல திரையில் திறந்தால் படம் எரியும். பென் டிஸ்ப்ளேவும் மானிட்டரும் ஒரே நிறத்தைக் காட்டுவது அபூர்வம். இரண்டில் எதை நம்புவது என்று முதலிலேயே முடிவு செய்து, பென் டிஸ்ப்ளேவில் கோடு, மானிட்டரில் நிறம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அவளுக்கும் 27 அங்குலத்தில் 2560க்கு 1440 புள்ளிகள் உள்ள மானிட்டரையே எடுத்தோம். கொட்டேஷனில் மற்ற எதையும்விடப் பெரிய தொகை அதுதான்.

அடுத்தது ரேம். அவள் போஸ்டர் போடுகிறவள், ஏ3 அளவில் 300 டிபிஐ. அப்படியென்றால் 3508க்கு 4961, ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், முழுதும் வண்ணம் பூசிய ஒரு லேயருக்குச் சுமார் 70 எம்பி. அவள் 50, 60 லேயர் சர்வசாதாரணமாக வைப்பாள். 60 லேயரும் நிறைந்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டும். பூசாத இடத்தைச் சாஃப்ட்வேர் சேமித்துவைப்பதில்லை என்பதால் நடைமுறையில் குறையும். ஆனால் ஒவ்வொரு முறை பின்வாங்குவதற்கும் பழைய நிலையை நினைவில் வைத்திருக்க வேண்டுமே, அந்தச் செலவு மறுபடி ஏற்றிவிடும். 16 பிட் நிறத்துக்குப் போனால் எல்லாமே இரட்டிப்பு. பக்கத்தில் விண்டோஸ், பிரவுசரில் திறந்துவைத்த மாதிரிப் படங்கள், பாட்டு. 16 ஜிபி போதும் என்பார்கள். போதும்தான், மூச்சுமுட்டிக்கொண்டு. ரேம் நிறைந்துவிட்டால் ஃபோட்டோஷாப்பும் கிரிட்டாவும் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். தூரிகை ஒரு நொடி பின்தங்கும். கோட்டின் ஓட்டம் அந்த நொடியில் செத்துவிடும். ஆகவே 32 ஜிபி.

அதை எப்படி வாங்குவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. "நாலு எட்டா போட்டுக்கலாமா மாமா, ஸ்லாட் நாலு இருக்கே?" என்று கேட்டாள். கூடாது. நாங்கள் கடைசியில் எடுத்தது ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு. அதில் 7000 வரிசைப் பிராசசருக்கு இரண்டு குச்சி ரேம் என்றால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200. நான்கும் நிறைந்தால் அது 3600ஆக இறங்கிவிடுகிறது. 16 ஜிபி இரண்டு வாங்கி, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுவதே முறை.

இங்கேதான் பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14ஆம் தலைமுறைகள் உட்காரும். அந்தப் போர்டுகளில் சில டிடிஆர்4 வாங்கும், சில டிடிஆர்5 வாங்கும், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இரண்டு ரேமுக்கும் 288 தொடுமுனைகள், பார்வைக்கு ஒரே நீளம். நடுவிலுள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4-ல் டிடிஆர்4 மட்டும், 2022-ல் வந்த ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், கையில் நல்ல டிடிஆர்4 வைத்திருப்பவர் ஏஎம்4-லேயே செட் போடுவது நியாயமான முடிவு. அவளிடம் பழையது எதுவும் இல்லை. ஏஎம்5 சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே எடுத்தோம்.

வரைகிற வேலையில் பிராசசருக்கு நிறைய கோர் இருப்பதைவிட ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பது முக்கியம். தூரிகைக் கோடு ஒரு புள்ளிக்கு அடுத்த புள்ளி என்று வரிசையாகக் கணக்கிடப்படுவது. 16 கோர் போட்டாலும் அவற்றில் பல சும்மா இருக்கும். ரைசன் 5 7600-ல் 6 கோர்தான். ஆனால் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். கூலரும் பெட்டியிலேயே வருகிறது. அதைவிட முக்கியமாக, சிறிய கிராபிக்ஸ் ஒன்று உள்ளேயே இருக்கிறது. மாடல் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வந்தால் அது இருக்காது. விலை கொஞ்சம் குறையும். ஆனால் தனி கார்டு போடாதவரை மானிட்டரில் எதுவும் தெரியாது. கிரிட்டா, கிளிப் ஸ்டூடியோ இரண்டுக்கும் உள்ளிருக்கும் கிராபிக்ஸே போதும். பிளெண்டரில் முப்பரிமாண ரெண்டர் போடும்போதுதான் தனி கார்டின் அருமை தெரியும். அவளுக்கு அது இப்போதைக்கு இல்லை. கார்டு இல்லாமல் கொட்டேஷன் போடச் சொன்னபோது கடைக்காரர் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் இன்றைய தேவையைப் பார்க்கக் கூடாது. இந்தச் செட்டுக்கு 300 வாட் தாராளம். ஆனால் நாளை கார்டு வரும் என்பதால் 650 வாட், நல்ல தரச்சான்று உள்ளதாக எடுத்தோம். கேபிளைக் கழற்றி மாட்டும் வகையென்றால் ஓர் எச்சரிக்கை: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. முனை வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும், அதிலிருக்கும் படங்களும் அதோடு போகும்.

கேபினட்டுக்குக் கண்ணாடியும் வண்ண விளக்கும் வேண்டாம், முன்பக்கம் வலை வேண்டும் என்று சொன்னேன். சென்னை மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் உள்ளே போகும் காற்றே 38, 40 டிகிரி. முன்பக்கம் அடைத்த கேபினட்டில் பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருந்தால் நல்லது. கூலர் உயரமும் கார்டு நீளமும் கேபினட்டின் விவரத் தாளில் மில்லிமீட்டரில் இருக்கும். பெரிய கூலர் வாங்குகிறவர் அதைப் பார்க்காமல் வாங்கினால் பக்கக் கதவு மூடாது.

எர்த்தைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. வீட்டுப் பிளக்கில் எர்த் சரியில்லை என்றால் கேபினட்டைத் தொடும்போது கையில் சுர்ரென்று இருக்கும். பேனாவின் குறியும் திரையில் நடுங்கலாம். மெதுவாக இழுத்த நேர்கோடு ரம்பப் பல்லாக வரும். பேனாவையும் டிரைவரையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அக்கா வீட்டில் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்த்த பிறகுதான் பெட்டிகளைப் பிரிக்கவே விட்டேன்.

அசெம்பிள் செய்ததெல்லாம் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏஎம்5-ல் 1718 தொடுமுனைகளும் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, மயிரிழை போன்ற வளைந்த கம்பிகளாக. பிராசசரின் மூலையிலுள்ள பொன் முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராகப் பிடித்து, அழுத்தாமல் வைத்துக் கையை எடுக்க வேண்டும். அது தானாக உட்காரும். கொக்கியை மடக்கும்போதுதான் பலம் தேவை. அப்போது எழும் முறுக்கல் சத்தத்துக்கு அவள் பயந்து என்னைப் பார்த்தாள். "அப்படித்தான் கேக்கும், அமுக்கு" என்றேன்.

முதன்முதலாகப் பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. டிடிஆர்5 ரேமைப் போர்டு முதல் தடவை அளந்து பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். இது தெரியாமல் அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு. சும்மா இருந்தோம். படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்தாள். செய்யாவிட்டால் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்குக் கீழேயே ரேம் ஓடிக்கொண்டிருக்கும். கிரிட்டாவைப் போட்டதும் செட்டிங்ஸில் நினைவக வரம்பைப் பார்க்கச் சொன்னேன். அது தானாக ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், முக்கால் பங்கு வரை ஏற்றிவைக்கலாம். பிறகு ஏ3 கேன்வாஸ் திறந்து, பெரிய ஈரத் தூரிகையை எடுத்து, மூலைக்கு மூலை வேகமாக இழுத்துப் பார்த்தாள். கோடு நுனியோடு ஒட்டியே வந்தது.

அடுத்த வருடம் பிளெண்டர் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். அப்போது 12 ஜிபி நினைவகம் உள்ள கார்டு ஒன்று பார்க்கலாம். போர்டில் ஸ்லாட் காலியாக இருக்கிறது, கேபினட்டில் இடம் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கூடச் சுருட்டி உள்ளேயே வைத்திருக்கிறோம். இப்போதிருக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கார்டு 170 வாட் கேட்டால் மானிட்டர், பென் டிஸ்ப்ளே எல்லாம் சேர்ந்து அந்த எல்லையை இடித்துவிடும். கார்டுக்கு என்று பணம் சேர்க்கும்போது பெரிய யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்தே எடுத்துவைக்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.