ஒரு பாட்டில், நாலு ஜோடிக் கண்

எங்கள் வீட்டு சாமி அலமாரியில் முருகன் படத்துக்கும் விபூதி டப்பாவுக்கும் நடுவில் ஒரு குட்டி வெள்ளை பாட்டில் ரொம்ப நாளாகக் குடியிருந்தது. கண் சொட்டு மருந்து. அப்பாயிக்குக் கண் உறுத்தினால் அது. அம்மாவுக்கு அடுப்புப் புகை பட்டு எரிந்தால் அது. தங்கச்சிக்குத் தூசி விழுந்தால் அது. செமஸ்டர் நேரத்தில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனில் நோட்ஸ் படித்துவிட்டு, கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி இருந்தால் எனக்கும் அதேதான். ஒரு பாட்டில், நாலு ஜோடிக் கண். (அப்பா மட்டும் "எனக்கு ஒண்ணும் வேணாம்" கட்சி.) குடும்ப ஒற்றுமைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும் என்று இருந்தோம் :-)

அந்த பாட்டில் எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். அப்பாயி முப்பது வருஷத்துக்கு மேல் குன்னூர் பக்கம் தேயிலை பறித்தவர். முந்தின வருஷம் கோயமுத்தூரில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு சொட்டு மருந்து கொடுத்து, முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து என்று குறைத்துக்கொண்டே வந்து ஆறாவது வாரத்தோடு நிறுத்தச் சொல்லி ஒரு சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார்கள். நிறுத்தவும் நிறுத்தினோம்.

அப்புறம் மார்கழி வந்தது. ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற மாதங்களில் இங்கே காற்று எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உதடு வெடிக்கும், கன்னம் வெடிக்கும், பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்றில் ஈரமே இருக்காது. பத்தாததுக்கு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அப்பாயிக்குக் கண் எரிய ஆரம்பித்தது. பழைய பாட்டிலில் மிச்சம் இருந்ததை விட்டுப் பார்த்தார். "ஜில்லுனு இருக்கு சாமி." தீர்ந்ததும் காலி பாட்டிலை என்னிடம் கொடுத்து வாங்கி வரச் சொன்னார். மெடிக்கலில் நீட்டினேன். சீட்டு கேட்கவில்லை, எதுக்கு என்றும் கேட்கவில்லை, அதே மருந்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. இப்படி நாலு மாசம், நாலு பாட்டில். வாங்கி வந்தது எல்லாம் நான்தான்.

பங்குனி வாக்கில் அப்பாயி நடக்கும்போது இடது பக்கம் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். தலைவலி வேறு. மறுபடி கோயமுத்தூர் பஸ் பிடித்தோம். கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். சாதாரணமாக 10லிருந்து 21 வரைக்கும் இருக்க வேண்டியது. அப்பாயிக்கு 34. "என்ன மருந்து போடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்க, அப்பாயி சுருக்குப் பையைத் திறந்து பெருமையாக பாட்டிலை எடுத்து நீட்டினார். டாக்டர் லேபிளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் குறைய அது அவசியம். ஆனால் டாக்டர் பார்வையில் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். அழுத்தம் பார்வை நரம்பை அரிக்கும். ஆபரேஷன் ஆகாத கண்ணில் புரையையும் சீக்கிரம் கொண்டுவரும். மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறைய வேறு சொட்டு மருந்து கொடுத்தார்கள். சில வாரத்தில் இறங்கிவிட்டது. ஆனால் இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போனது போனதுதான். நரம்பு திரும்ப முளைக்காதாம்.

இதில் கொடுமை என்னவென்றால், அப்பாயிக்குக் கண்ணில் இருந்தது வெறும் வறட்சி. அதற்குத் தேவைப்பட்டது செயற்கைக் கண்ணீர் என்கிற சாதாரண மருந்து. அதுவும் இதே மாதிரி குட்டி வெள்ளை பாட்டிலில்தான் வருகிறது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அட்டைப் பெட்டியில் கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது வழவழப்புக்கான மருந்து. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரட்னால் என்று இருந்தால் ஸ்டீராய்டு, டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. சிவந்த கண்ணை வெளுப்பாக்குகிற நாஃபசோலின் வகை ஒன்று உண்டு, கல்லூரி விழாவுக்கு முன்னால் சிலர் விட்டுக்கொள்வார்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். அடிக்கடி விட்டால் நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும்.

டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடித்தது கண்ணீரைப் பற்றிய பாடம். கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அடியில் வழவழப்பான சளி, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய். எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளில் இருந்து வருகிறது. தண்ணீர் ஆவியாகாமல் மூடி போடுவது அதுதான். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. போனைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதனால்தான் வறட்சியான கண்ணில் சில சமயம் தண்ணீராக ஊற்றும், எரிச்சலுக்குக் கண் தானே அழுகிறது. "தண்ணி வருதே, அப்புறம் எப்படி வறட்சி?" என்று அம்மா வாதாடியது தனிக் கதை.

இப்போது சென்னைக் கதைக்கு வருகிறேன். சரியான மருந்தாகவே இருந்தாலும் ஏன் ஜாக்கிரதை என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகில் ஆலத்தூர் சிட்கோ மருந்து வளாகத்தில் இருக்கும் குளோபல் பார்மா ஹெல்த்கேர் என்ற கம்பெனி அமெரிக்காவுக்குச் செயற்கைக் கண்ணீர் ஏற்றுமதி செய்தது. கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் மருந்துதான். அங்கே எஸ்ரிகேர், டெல்சாம் பார்மா என்ற பெயர்களில் விற்பனையானது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி ஒன்று நோயாளிகளிடம் பரவ, விசாரித்துக்கொண்டே போனவர்கள் இந்தச் சொட்டு மருந்தில் வந்து நின்றார்கள். திறந்து பயன்படுத்திய பாட்டில்களில் அதே கிருமி இருந்தது. 2023 பிப்ரவரி 2 அன்று சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு அந்த வருஷம் மே மாதம்வரை: 18 மாநிலங்களில் 81 பேர், 14 பேருக்குப் பார்வை இழப்பு, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதானது, 4 பேர் இறந்துபோனார்கள். அமெரிக்க மருந்துத் துறை அதிகாரிகள் ஆலத்தூருக்கே வந்து சோதித்து, கிருமியில்லாமல் தயாரிக்கும் முறைகளில் பல குறைகளை எழுதினார்கள். இங்கே எடுத்த மாதிரிகளில் கலப்படம் இல்லை என்று தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது.

காமர்ஸ் படிக்கிற எனக்கு இதில் ஒன்று உறைத்தது. லேபிளில் பெயர் ஒருவருடையது, விற்பது இன்னொருவர், தயாரிப்பது மூன்றாவது ஆள். எஸ்ரிகேர் தரப்பே எங்கள் வேலை லேபிளும் விற்பனையும்தான், தயாரிப்பில் பங்கில்லை என்றது. ஒப்பந்த உற்பத்தி என்று பாடத்தில் ரெண்டு மார்க்குக்குப் படிப்போமே, அதுதான் :-( பிராண்டை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு ஆலத்தூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

அந்த மருந்தில் இன்னொரு சங்கதி. பலமுறை திறந்து மூடும் பாட்டில், ஆனால் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் போதிய அளவு சேர்க்கப்படவில்லை. அந்தத் தடுப்புப் பொருள் ஒரு இருமுனைக் கத்தி. பென்சால்கோனியம் குளோரைடு போன்றவை கிருமியைத் தடுக்கும், ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட்டால் கண்ணையே எரிச்சலாக்கும். அடிக்கடி தேவைப்படுகிறவர்களுக்கு அது இல்லாத மருந்து கொடுப்பார்கள். ஒரு தடவைக்கு மட்டும் உடைத்து ஊற்றும் குட்டிக் குப்பியாக வரும், இல்லாவிட்டால் கிருமி உள்ளே போகாத விசேஷ மூக்கு வைத்த பாட்டிலில் வரும். குட்டிக் குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த நாளுக்கு எடுத்து வைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பால் பாக்கெட்டைக் கழுவி மடித்து வைக்கிற குடும்பம்!

விடுகிற முறையும் நாங்கள் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தோம். தங்கச்சி பாட்டில் மூக்கை இமையிலேயே தேய்ப்பாள். எங்கள் நாலு பேர் கண்ணில் இருந்ததும் அந்த பாட்டிலுக்குள் போயிருக்கும். நான் ஒரு கண்ணுக்கு மூணு சொட்டு விடுவேன். கண் தாங்குவது ஒரு சொட்டுக்கும் குறைவு. மீதி கன்னத்தில் வழியும், இல்லையென்றால் மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போகும். கைகழுவி, கீழிமையை லேசாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே சொட்டு, படாமல். கண்ணை மூடி மூக்கோரத்து முனையை ஒரு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். வேறு மருந்தும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விட வேண்டும். லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துத்தான் மாட்ட வேண்டும். வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், பீளை இதெல்லாம் வந்தால் சொட்டு மருந்தோடு மல்லுக்கட்டாமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள். நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். ஜலதோஷத்துக்குத் தைலத்தைக் கண்ணுக்குக் கீழே தடவுகிற எங்கள் ஊர்ப் பழக்கமும்தான் (நீலகிரித் தைலம் விற்கிற அண்ணன்மார் மன்னிக்கவும்).

அப்பாயிக்கு இப்போது அழுத்தத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று, ஆக ரெண்டு பாட்டில். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்பதால் ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். திறந்த தேதியை நான் பேனாவில் எழுதி ஒட்டிவிடுவேன், ஒரு மாதம் ஆனதும் குப்பைக்குப் போய்விடும். சாமி அலமாரியில் இருந்து பாட்டில் அவர் தலைமாட்டுக்கு மாறிவிட்டது. போன வாரம் தங்கச்சி கண் எரிகிறது என்று அதில் கை வைத்தாள். அப்பாயி வெடுக்கென்று பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஒனக்கு வேணும்னா ஒங்கப்பன வாங்கியாரச் சொல்லு. இது என் கண்ணுக்கு எழுதுனது."