பீப்பாய் போன பாதை

இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த போர்க்கால விமானிகளின் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த விமானங்களில் ஊற்றிய பெட்ரோலின் மேல்தான் கண்.

1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் சாலை அறுந்தது. மிச்சம் ஆகாய வழிதான். விமானத்தளங்கள் அசாமின் கிழக்கு மூலையில். சரக்கு இறங்கியதோ கல்கத்தாவில். நடுவே, அதுவரை தேயிலைப் பெட்டி சுமந்து பழகிய ஒரு ரயில் பாதை.

கல்கத்தாவின் சியால்தா ஸ்டேஷனிலிருந்து பார்வதிபூர் வரை அகலப்பாதை. ஹார்டிஞ்ச் பாலத்தில் பத்மா நதியைக் கடந்து வண்டி ஒழுங்காகவே போகும். பார்வதிபூரில் தண்டவாளம் மீட்டர் கேஜாகச் சுருங்கிவிடும். இந்த வேகனில் இருப்பதை அந்த வேகனுக்குக் கூலியாட்கள் கையால் மாற்ற வேண்டும். ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய். பலகை சாய்த்து, தோள் கொடுத்து, ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும்.

அமீன்காவுனில் பாதை பிரம்மபுத்திராவின் கரையில் நின்றுவிடும். பாலம் 1962-ல்தான் வந்தது. வேகன்களைப் படகிலேற்றி அக்கரைப் பாண்டுவுக்குக் கொண்டுபோனார்கள், ஒரு தடவைக்குச் சில வேகன்களாக. இமயத்தைவிட இந்த ஆறுதான் பெரிய தடை என்பேன்.

1944 மார்ச்சில் அமெரிக்க ராணுவ ரயில் படை சுமார் 800 மைல் பாதையைக் கையிலெடுத்தது. வண்டிகள் நீண்டன, சரக்கு கூடியது, பெயரும் அவர்களுக்கே போனது. வங்க-அசாம் ரயில்வேயின் இந்திய ஊழியர்கள் அதே ஸ்டேஷன்களில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

லும்டிங் தாண்டினால் திமாப்பூர். அன்று ஸ்டேஷனுக்குப் பெயர் மணிப்பூர் ரோடு. 1944 ஏப்ரலில் ஜப்பானியர் கோஹிமாவை முற்றுகையிட்டபோது அவர்களுக்கும் இந்தத் தண்டவாளத்துக்கும் நடுவே 46 மைல்தான். அதற்கு 2 வருஷம் முன்பு பர்மாவிலிருந்து மலையேறி நடந்துவந்த அகதிகள் இங்கேதான் ரயில் பிடித்தார்கள். அவர்களில் நம்மவர்கள் ஏராளம். போர்ச்சரக்கு கிழக்கே போன அதே தண்டவாளத்தில் அவர்கள் மேற்கே போனார்கள்.

கடைசியில் தின்சுகியா. பக்கத்தில் தின்ஜான், சபுவா தளங்கள். சபுவா என்றால் தேயிலை நட்ட இடம் என்று பொருள் சொல்வார்கள். கல்கத்தாவிலிருந்து பீப்பாய் இங்கே வந்துசேர நாட்கணக்கு ஆகும். இங்கிருந்து விமானம் சீனாவின் குன்மிங் போய்ச்சேரச் சில மணி நேரம்.

பாதை இன்னும் கொஞ்சம் ஓடி, லெடோவின் நிலக்கரிச் சுரங்கங்களருகே முடிகிறது.