சிறுகிழங்குக் கறை



செவ்வாய்க்கிழமை அதிகாலையில் குருமனைக் கதவைத் திறந்தபோது, திண்ணையில் ஒரு சாக்குப்பை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பனியில் அதன் மேற்புறம் நனைந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன், சிறுகிழங்கு. வயலின் ஈரமண் இன்னும் உலராமல் ஒட்டியிருந்தது. கொண்டுவந்து வைத்தவர் பெயர் சொல்லாமல் போய்விட்டார். இதை வாசிப்பவர்களில் அவரும் ஒருவராக இருப்பார் என்று நம்பி, முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மார்கழி பிறந்தால் நம் இலஞ்சியில் அடுப்படியின் மணமே மாறிவிடுகிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரலுக்காக ஊரெல்லாம் நம் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதன்பின் வரும் பனியும் நமக்கே உரியவை. அவற்றைக் காண யாரும் பேருந்து ஏறி வருவதில்லை. இலஞ்சி என்ற சொல்லுக்கே வாவி, குளம் என்றுதான் பொருள். நீரும் வயலும் சூழ்ந்த ஊரில் குளிர் மண்ணிலிருந்து மேலே ஏறுகிறது. அதற்கு ஏற்றபடி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், காண ரசமும், மிளகுக் குழம்பும், சுக்குக் காப்பியும் வீடுகளில் முறைவைத்து வந்து போகின்றன. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலியுளுந்து, பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, சிறிது வெந்தயம், ஒரு கை தேங்காய்த் துருவல் என்று உளுந்தஞ்சோற்றின் கணக்கை இப்போது நான்கூட ஒப்பிப்பேன். இங்கு வரும்வரை எனக்கு அது தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது நாசரேத்துக்கு அப்பால், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில். அங்கே குளிர்காலம் என்றால் பனங்கிழங்கு. ஆவணியில் பனம்பழம் தின்று போட்ட கொட்டைகளை அம்மா மணற்பாத்தியில் அடுக்கிப் புதைத்து வைப்பார்கள். மார்கழிக் கடைசியில் தோண்டினால் வெள்ளை வேலைப்போலக் கிழங்குகள் வரும். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, நாரை உரித்து, நடுவிலிருக்கும் பீலியை யார் தின்பது என்று நாங்கள் சண்டையிடுவோம். கோடையில் காய்ச்சிய கருப்பட்டி அடுப்புக்கு மேலே பரணில், புகைபடும் இடத்தில் இருக்கும். மழைக்காலத்தில் அது கசிந்து உருகாமலிருக்கப் புகைதான் காவல். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தக் கருப்பட்டி கீழே இறங்கும், முந்திரிக்கொத்துக்குப் பாகாகும். பெயரில் முந்திரி இருந்தாலும் முந்திரிப்பருப்புக்கு அதில் இடமில்லை. வறுத்த பாசிப்பயற்று மாவை உருண்டைகளாகப் பிடித்து, அரிசி மாவில் தோய்த்து, இரண்டு மூன்றாக ஒட்டிப் பொரித்தெடுத்தால் அது கொடிமுந்திரிக் குலை போலத் தோன்றும். வெளியூரார் முந்திரிப்பருப்பைத் தேடி ஏமாறுவதைப் பார்ப்பது அம்மாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேடிக்கை.

ஆகவே இலஞ்சிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் சிறுகிழங்கைப் பார்த்து, உருளைக்கிழங்கு ஏன் இவ்வளவு சிறுத்துப்போயிற்று என்று நான் கேட்டதைச் சபையார் மன்னிக்க வேண்டும். அது உருளைக்கிழங்குக்கு உறவே இல்லை என்றும், இலையைக் கசக்கி முகர்ந்தால் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியும் என்றும் பக்கத்து வீட்டு ஆச்சி விளக்கினார்கள். ஆடி, ஆவணியில் கொடித்தலையைக் கிள்ளி நட்டால் மார்கழி, தையில் தோண்டலாம். மலைக்கு அப்பால் அதற்குக் கூர்க்கன் கிழங்கு என்று பெயர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நம் அண்டையிலுள்ள செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சியோடுதானே இருந்தது! ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் மழையும் வருவதுபோல, சமையலும் இங்கும் அங்குமாகப் போய் வந்திருக்கிறது. அந்த ஆச்சி திருவாதிரையன்று எங்களுக்குக் களி கொடுத்தனுப்புவார்கள். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து அவர்கள் வீட்டுக்குப் போகும். எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

சிறுகிழங்கின் ருசியைச் சொல்லுமுன் அதன் பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கில் கட்டிக் கல்தரையில் புரட்டிப் புரட்டித் தேய்க்க வேண்டும். முக்கால் பங்குத் தோல் அதில் கழன்றுவிடும். மீதியை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, கணுக்களையும் குழிகளையும் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். நறுக்கியதை உடனே தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு மணி நேரம் எளிதாகக் கழிந்துவிடும். அதன்பின் வேலை சொற்பம்: உப்பும் மஞ்சளும் சேர்த்து அவித்து, கடுகு, உளுந்து, சின்ன வெங்காயம் தாளித்து, தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் கரகரப்பாக அரைத்துப் போட்டுப் புரட்டினால் பொரியல் ஆயிற்று. மண்வாசனையும் மாவுத்தன்மையும் கலந்த அந்தச் சுவைக்கு ஈடாக எங்கள் தேரியில் ஒன்றும் இல்லை. அம்மா இதை வாசிக்கமாட்டார்கள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

உரித்தவர்களின் கை மட்டும் இரண்டு மூன்று நாள்களுக்குக் கறுத்தே இருக்கும். புளி தேய்ப்பார்கள், தேங்காயெண்ணெய் தேய்ப்பார்கள். விரல் ரேகைகளுக்குள் இறங்கிய கறை தானாகத் தேய்ந்துதான் போக வேண்டும்.

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. அன்று திருவிருந்து ஆராதனை. முதல் ஞானப்பாட்டு முடிந்த பிறகும் பெண்கள் பகுதியில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. பாவ அறிக்கைக்குப் பின்னும் ஒருவர் ஒருவராக நனைந்த சேலையோடு வந்து அமர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மனம் கசந்தது. பிரசங்கத்திற்கு நான் எடுத்திருந்த பகுதியோ லூக்கா 10-ஆம் அதிகாரத்து மார்த்தாள், மரியாள் நிகழ்ச்சி. கிறிஸ்துமஸ் பலகாரத்திலேயே காலம் போக்கி ஆண்டவருடைய பாதத்தை மறந்துவிடுகிறோம் என்று பேசினேன். அடுப்படியை விட்டு எழுந்து வரத் தெரியாதவர்கள் மார்த்தாளின் பிள்ளைகள் என்றேன். கைகளைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். பேச்சின் ஓட்டத்தில் வந்த சொல் அது. அப்போது அது எனக்கு நயமாகவும் தோன்றியது.

திருவிருந்து வேளையில் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். நம் சபையில் உள்ளங்கையை விரித்து வாங்குவதுதான் வழக்கம். ஒரு சகோதரி மட்டும் கையை விரிக்காமல் விரல் நுனிகளைக் குவித்து நீட்டினார். நான் நின்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மெல்லக் கையை விரித்தார். உள்ளங்கை முழுவதும், ரேகை ரேகையாகக் கறுத்திருந்தது.

“ஐயா, கை சுத்தமாத்தான் இருக்கு. கறைதான் போவல” என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நான் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஈரத்துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: “நேத்து ராத்திரி ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அந்தக் கிழங்கை யார் உரிச்சதுன்னு நினைச்சீங்க?” அந்த மாதம் அவளுக்கு முதுகுவலி. குனிந்து உட்கார முடியாததால் ஒரு பை கிழங்கை அந்தச் சகோதரியிடம் கொடுத்திருக்கிறாள். அவர் கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார், படுக்கையில் மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமைகளில் நான்கைந்து வீடுகளுக்குக் கூலிக்கு உரித்துக் கொடுப்பாராம். அந்தச் சனி இரவு பதினோரு மணிக்குத்தான் எழுந்தாராம். ஞாயிறு காலையில் மாமியாரைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, அந்த மழையிலும் அவர் ஆலயத்துக்கு வந்திருந்தார். என் தட்டிலிருந்த கிழங்கின் கறையைத்தான் நான் கழுவிவிட்டு வரச் சொல்லியிருந்தேன்.

அன்று மாலையிலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். மழையைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம்.

அந்த இரவு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கூடி, இங்கே பெய்ததையும் சேர்த்துக் கீழே கொண்டு போயிற்று. ஸ்ரீவைகுண்டம் தீவானது; ரயிலும் பயணிகளும் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் குளம் நிறைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் அம்மாவின் கைப்பேசி அடங்கிப்போயிற்று. திங்கள், செவ்வாய், புதன் என்று நாள்கள் கழிந்தன. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது எனக்கு நினைவில்லை.

செவ்வாய் மாலை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அதே சகோதரி. முந்தானையால் மூடிய பாத்திரத்தில் உளுந்தஞ்சோறு. “ஊர்ல அம்மாவுக்கு ஏதும் தகவல் கிடைச்சுதாய்யா?” என்றார். இல்லை என்றேன். என் மனைவியின் அருகே அமர்ந்து, அவள் உண்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “சாப்பிடுங்கய்யா, ஆறிப்போவும்” என்று சொல்லிவிட்டார். அந்த மன்னிப்பை முறையாகக் கேட்டது தை பிறந்த பிறகுதான். அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

வியாழன் காலை அம்மாவின் குரல் கேட்டது. “எய்யா, தண்ணி வடிஞ்சிட்டு. ஒண்ணும் பயமில்ல. கருப்பட்டிதான் அம்புட்டும் கரைஞ்சி போச்சி” என்றார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் பரணில் புகை இல்லை. கருப்பட்டியை ஒரு நெகிழி வாளியில் போட்டுத் தரையில் வைத்திருந்திருக்கிறார்கள். நான் அழுதேன். அவர்கள் கருப்பட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கோடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அந்த வேதபகுதியைப் பலமுறை வாசித்தேன். மார்த்தாள் சமைத்ததற்காக ஆண்டவர் அவளைக் கண்டித்தார் என்றுதான் இத்தனை ஆண்டுகளாகப் பிரசங்கித்திருக்கிறேன். அங்கே அவர் தொட்டது அவளுடைய கவலையையும் கலக்கத்தையுமே. மார்த்தாளின் முறையீட்டிலும் ஒரு சொல்லை நான் கவனியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். வேலை மிகுதி என்று மட்டும் அவள் முறையிடவில்லை. தன்னைத் தனியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் அவள் குறை. யோவான் 12-ஆம் அதிகாரத்தில், லாசரு உயிரோடு பந்தியிருக்கும் அந்த விருந்திலும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். அங்கே அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் சில அதிகாரங்கள் தள்ளிப் போனால், திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருப்பவர் உயிர்த்தெழுந்த ஆண்டவரே. இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களுக்கு அவர் காலை உணவு சமைத்திருக்கிறார். அந்த நெருப்பை அவரே மூட்டினார் என்பதை எந்தப் பிரசங்கத்திலாவது நான் அழுத்திச் சொல்லியிருக்கிறேனா என்று என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் உரிக்கிறேன். முதல் நாளில் பெருவிரலைக் கிழித்துக்கொண்டு, மறுநாள் கட்டோடு பிரசங்கபீடம் ஏறியது சிலருக்கு நினைவிருக்கும். கத்தியை என் பக்கமாக இழுக்கக் கூடாது, கிழங்கைத்தான் திருப்ப வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். இன்னும் ஒரு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. என் மனைவி அதை மறுபடியும் ஒருமுறை சுரண்டுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

திண்ணையில் இருக்கும் இந்தப் பை எங்கள் வீட்டுக்கு மிக அதிகம். இருபது கிலோவாவது இருக்கும். சபையில் தனியாக இருக்கும் முதியவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார் என்று பதினான்கு குடும்பங்களை எண்ணி வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர்களுக்கு உரித்த கிழங்காகக் கொடுக்க எண்ணம். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குருமனைத் திண்ணையில் சாக்கு விரித்திருக்கும். இந்த முறை ஆண்கள் மட்டும் வாருங்கள். வாலிபர் சங்கத்தாரிடமும் சொல்லியிருக்கிறேன். சுக்குக் காப்பி உண்டு. அம்மா புதுக் கருப்பட்டி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு கத்திதான் இருக்கிறது. உங்கள் கத்தியைக் கையோடு கொண்டு வாருங்கள்.